எண்ணூறு இடது திருப்பங்கள்

ஓசூர் சிப்காட் பகுதியின் தேநீர்க் கடைகளில், இரவுப் பணி முடித்து வருவோரும் பகல் பணிக்குச் செல்வோரும் சந்தித்துக்கொள்ளும் அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்தமானது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேச்சுக்குள் கலந்து ஒலிக்கும். ஊதியம், மிகைநேரப் பணி, வீட்டு வாடகை என்று சுற்றிவரும் பேச்சு, அண்மையில் ஒரு நாள் கார் பந்தயத்தில் வந்து நின்றது. வாகனங்களைச் செய்தே வளர்ந்த ஊரில் அது வியப்பன்று. 1982 முதல் பந்தய அணி ஒன்றை நடத்திவரும் டிவிஎஸ் நிறுவனத்தின் ஆலை இங்குதான் இருக்கிறது.

கைப்பேசியில் அமெரிக்க நீள்வட்டப் பந்தயம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சித் தொழிலாளி ஒருவர், இதில் என்ன திறமை இருக்கிறது, சுற்றிச் சுற்றி இடப்பக்கம் திரும்புவதுதானே என்று ஏளனமாகச் சொன்னார். வலமும் இடமுமாக வளையும் தளத்தில் ஓடும் ஃபார்முலா ஒன்தான் மெய்யான பந்தயம் என்பது அவர் தீர்ப்பு. அருகில் என் பழைய சகா ஒருவர் அமர்ந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அசெம்பிளி லைனில் ஒரே இடத்தில் நின்று, ஒரே வேலையைச் செய்துவருபவர். அவர் எதுவும் பேசவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

அந்த இளைஞரிடம் அன்றைக்கு நான் சொல்ல விரும்பிய பதில் ஒரு மனிதரின் வாழ்க்கை. ஷிப்ட் சங்கு ஒலித்துவிட்டதால் அதைச் சொல்ல வாய்க்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஜிம் கிளார்க் 1936 மார்ச் 4 அன்று ஸ்காட்லாந்தின் கில்மேனி என்ற சிற்றூரில் பிறந்தார். நான்கு பெண்களுக்குப் பின் பிறந்த ஒரே மகன். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் தெற்கே, இங்கிலாந்தின் எல்லையை ஒட்டிய பெர்விக்ஷர் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. சர்ன்சைட் என்ற ஊருக்கு அருகில் அவர்களுக்குப் பண்ணை இருந்தது. ஆடு வளர்ப்பும் பயிர்த்தொழிலும் வாழ்க்கை. பதினாறு வயதில் பள்ளிப்படிப்பை நிறுத்திக்கொண்டு பண்ணை வேலைக்கு வந்துவிட்டார். அந்த நிலம் தன் கைக்கு வரும் என்பதும், அதை உழுது வாழ்வதே தன் கடமை என்பதும் அவருக்குச் சொல்லித் தரப்பட்டிருந்தன.

எல்லைப்புற மனிதர்களுக்கென்று ஒரு பழைய வரலாறு உண்டு. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆநிரை கவர்ந்தோரையும் மீட்டோரையும் நினைவுகூரும் நடுகற்கள் பல நிற்கின்றன. ஸ்காட்லாந்து எல்லையிலும் மாடு கவரும் கூட்டத்தார் ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்தனர். அவர்களை ரீவர் என்று அழைத்தார்கள். கிளார்க் இளமையில் ஓட்டிய உள்ளூர்ப் பந்தய அணி அந்தப் பெயரைத்தான் சூடிக்கொண்டிருந்தது: பார்டர் ரீவர்ஸ். பெற்றோருக்குப் பந்தயம் அறவே பிடிக்கவில்லை. 1956-இல் முதல் பந்தயத்தில் அவர் ஓட்டியது ஒரு நண்பரின் காரை. அதிகம் பேசாதவர், கூச்ச சுபாவம் உள்ளவர், நகம் கடிப்பவர். சாதாரணச் சாலையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்கத் தயங்குவார் என்று உடன் பயணித்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பந்தயத் தளத்தில் அந்தத் தயக்கம் இருந்த இடம் தெரியாது.

1958-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தளத்தில் நடந்த பந்தயம் ஒன்றில், லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய பொறியாளர் காலின் சாப்மனுடன் அவர் போட்டியிட்டார். சாப்மன் முதலிடம், கிளார்க் இரண்டாமிடம். தோற்றவரின் கைத்திறனை வென்றவர் கண்டுகொண்டார். 1960-இல் கிளார்க் லோட்டஸ் அணியின் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானார். அதன்பின் சாகும்வரை அந்த வகைப் பந்தயத்தில் வேறு நிறுவனத்தின் காரை அவர் ஓட்டவில்லை.

தொடக்கமே இரத்தத்தில் நனைந்தது. 1960-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில் அவர் பங்கேற்ற பந்தயத்தில் இரண்டு ஓட்டுநர்கள் இறந்தனர். ஒருவர் அவருடைய அணித் தோழர். 1961-இல் இத்தாலியின் மோன்சாவில் அவருடைய காரும் வோல்ப்காங் வான் டிரிப்ஸின் காரும் உரசியதில், டிரிப்ஸுடன் பார்வையாளர்கள் பலரும் மாண்டனர். ஸ்பா தளத்தை அவர் உள்ளூர வெறுத்தார். ஆனால், 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அங்கே வென்றவரும் அவர்தான்.

இந்த ஸ்பாதான் சாலைவகைத் தளத்துக்குச் சரியான எடுத்துக்காட்டு. அந்நாளில் அதன் ஒரு சுற்று 14 கிலோமீட்டர். பொதுச் சாலைகளையே பந்தய நாளில் மூடிவிட்டு ஓடுவார்கள். ஏற்றம், இறக்கம், வலம், இடம், வீட்டுச் சுவர், மரம் என்று ஒவ்வொரு நூறு மீட்டரும் வேறு. ஒரு முனையில் வெயில் அடிக்கும். மறுமுனையில் மழை பெய்யும். எங்கே பிரேக்கை அழுத்துவது, எந்தக் கியருக்கு இறங்குவது, எப்போது மீண்டும் முடுக்குவது என்று ஓட்டுநரின் கையும் காலும் ஓயாமல் விடை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 1963-இல் அங்கே கொட்டும் மழையில், கியர் நழுவிவிடாதிருக்க ஒரு கையால் அதன் தண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓட்டி, இரண்டாவதாக வந்தவரை ஏறத்தாழ ஐந்து நிமிட இடைவெளியில் வென்றார் கிளார்க். அந்த ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியின் பத்துப் பந்தயங்களில் ஏழு அவருடையவை.

இதோடு கதை முடிந்திருந்தால் அந்த இளைஞரின் தீர்ப்புக்கு அது வலுச் சேர்த்திருக்கும். ஆனால், அதே 1963-இல் கிளார்க் இன்னொரு காரியமும் செய்தார். அமெரிக்கா சென்று நீள்வட்டத் தளத்தில் புதுமுகமாக நின்றார்.

அதைத் தூண்டியவர் டான் கர்னி என்ற அமெரிக்க ஓட்டுநர். இண்டியானபோலிஸ் நகரின் 500 மைல் பந்தயத்தைப் பார்க்க 1962-இல் சாப்மனை அழைத்துச் சென்றவர் அவர்தான். அங்கே ஏறத்தாழ எல்லாரும் எஞ்சினை முன்னால் வைத்த கனமான கார்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் பின்னால் இருக்கும் இலேசான காருக்கு இங்கே இடமுண்டு என்று சாப்மன் கணக்கிட்டார். ஃபோர்டு நிறுவனம் எஞ்சின் தந்தது.

இண்டியானபோலிஸ் தளத்தின் ஒரு சுற்று இரண்டரை மைல். இரண்டு நீண்ட நேர்பாதை, இரண்டு குறுகிய நேர்பாதை, நான்கு வளைவுகள், நான்கும் இடப்பக்கம். 200 சுற்றுகள் முடிந்தால் 500 மைல். ஆக, ஒரு பிற்பகலில் 800 முறை இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஏளனம் செய்பவர் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார். அதன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

வளைவு ஒன்பது பாகைக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கிறது. உச்ச வேகத்துக்கு மிக அருகிலேயே அதற்குள் நுழைய வேண்டும். வெளிப்புறத்தில் மண்ணோ புல்வெளியோ கிடையாது, கான்கிரீட் சுவர்தான். சாலைவகைத் தளத்தில் ஒரு வளைவில் செய்த பிழையை அடுத்த வளைவில் ஈடுகட்டலாம். இங்கே வளைவில் மணிக்கு ஒரு மைல் குறைந்தால், அடுத்து வரும் நேர்பாதை முழுவதும் அந்தக் குறை கூடவே வரும். சுற்றுகள் ஏற ஏற எரிபொருள் தீர்ந்து கார் இலேசாகிறது, டயர் தேய்கிறது, காற்றின் திசை மாறுகிறது, முன்னே செல்லும் கார் கலக்கிவிட்ட காற்று முன்சக்கரத்தின் பிடியைத் தளர்த்துகிறது. பார்ப்பவருக்கு ஒரே வளைவாகத் தெரிவது, ஓட்டுபவருக்கு ஒவ்வொரு முறையும் நூலிழை அளவு வேறாக இருக்கிறது. அந்த நூலிழையை இருக்கையின் வழியாகவும் உள்ளங்கையின் வழியாகவும் உணர்ந்து, 800 முறையும் திருத்திக்கொள்பவரே கடைசியில் எஞ்சுகிறார்.

காரும் அதற்கேற்ப மாறுகிறது. இடப்பக்கமே திரும்பும் காருக்கு இரு பக்கமும் சமமாக இருக்கத் தேவையில்லை. லோட்டஸின் இண்டியானபோலிஸ் கார்களில் உடற்பகுதி சக்கரங்களுக்கு நடுவே இல்லாமல் இடப்பக்கம் தள்ளி அமைக்கப்பட்டது. நேர்பாதையிலும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் வண்டியை ஓட்டப் பழகுவது, அதுவரை கற்ற பாடத்தின் ஒரு பகுதியை மறப்பதாகும்.

இது எளிதன்று என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1952-இல் தான் கலந்துகொண்ட மற்ற ஆறு உலகச் சாம்பியன் பந்தயங்களையும் வென்ற இத்தாலியின் ஆல்பெர்ட்டோ அஸ்காரி, அதே ஆண்டு இண்டியானபோலிஸில் 40 சுற்றுகளில் சக்கரம் உடைந்து வெளியேறினார். ஐந்து முறை உலகச் சாம்பியனான ஃபான்ஜியோ 1958-இல் அங்கே வந்து, ஓட்டிப் பார்த்துவிட்டுப் பந்தயத்தில் கலந்துகொள்ளாமலே திரும்பினார். 1992-இன் உலகச் சாம்பியன் நைஜல் மேன்செல், மறு ஆண்டு அமெரிக்கா சென்று முதல் நீள்வட்டத் தளத்திலேயே பயிற்சியின்போது சுவரில் மோதி முதுகில் காயமுற்றார். பின்னர் அவர் தேறி, அதே ஆண்டில் நான்கு நீள்வட்டப் பந்தயங்களை வென்று அமெரிக்கச் சாம்பியனும் ஆனார். திறமை இல்லாதவர்கள் அல்லர் இவர்கள். இது வேறு தொழில்; அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

கிளார்க் கற்றுக்கொண்டார். 1963 மே மாதம், முதல் முயற்சியிலேயே இரண்டாமிடம். முதலிடம் பெற்ற பார்னெல்லி ஜோன்ஸின் காரிலிருந்து கடைசிக் கட்டத்தில் எண்ணெய் ஒழுகியது; அதற்காக அவரை நிறுத்தியிருக்க வேண்டும் என்று பெரும் சர்ச்சை எழுந்தது. வெற்றி கை நழுவியதாகக் கிளார்க் வழக்காடவில்லை. ஆகஸ்டில் மில்வாக்கியின் ஒரு மைல் நீள்வட்டத்துக்குச் சென்றார். நீள்வட்ட மன்னரான ஏ.ஜே. ஃபாய்ட் ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் ஒரு முழுச் சுற்றாவது பின்தள்ளி வென்றார். 1964-இல் இண்டியானபோலிஸில் முதல் வரிசையின் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். அன்றைய தொடக்கத் தீவிபத்தில் இரண்டு ஓட்டுநர்கள் இறந்தனர். பந்தயம் மீண்டும் தொடங்கியபின் டயர் பிய்ந்து, அதன் அதிர்வில் சஸ்பென்ஷன் முறிந்து அவர் வெளியேறினார்.

1965 வந்தது. மே 30 அன்று மொனாக்கோவில் உலகச் சாம்பியன் பந்தயம். மே 31 அன்று இண்டியானபோலிஸ். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கிளார்க் மொனாக்கோவை விட்டுவிட்டு இண்டியானபோலிஸுக்குப் போனார். 200 சுற்றுகளில் 190 சுற்றுகள் முன்னணியில் இருந்தார். சராசரி வேகம் மணிக்கு 150 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 242 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் 150 மைலைத் தாண்டிய முதல் வெற்றி அது. எஞ்சின் பின்னால் உள்ள கார் அங்கே வென்றதும் முதன்முறை. அமெரிக்கர் அல்லாத ஒருவர் வென்று அரை நூற்றாண்டுக்கு அருகில் ஆகியிருந்தது. ஐரோப்பா திரும்பி, அவ்வாண்டின் உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்றார். ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

அதைவிட என்னை ஈர்ப்பது அவர் தோற்ற 1966-ஆம் ஆண்டுப் பந்தயம். இண்டியானபோலிஸில் அவர் கார் இருமுறை கட்டுமீறிச் சுழன்றது. இரண்டு முறையும் சுவரில் படாமல் மீட்டெடுத்து ஓட்டி, கிரஹாம் ஹில்லுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். வழுக்கும் சாலைகளில் கற்ற கைப்பழக்கம் நீள்வட்டத்தில் உதவியதாகவே நான் அதைப் பார்க்கிறேன். பிடிமானத்தின் விளிம்பை உணர்வதுதான் இரண்டுக்கும் பொதுவான மூலதனம். ஒன்றில் அந்த விளிம்பு ஒவ்வொரு வளைவிலும் புதிய இடத்தில் இருக்கிறது. மற்றொன்றில் ஒரே இடத்தில் இருந்துகொண்டு, கவனம் சிதறும் நொடிக்காகக் காத்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் பயணித்தவர்கள் உண்டு. நீள்வட்டத்தில் பெயர்பெற்ற அதே ஃபாய்ட், 1967-இல் டான் கர்னியுடன் சேர்ந்து பிரான்சின் லெ மான் 24 மணிநேரச் சாலைப் பந்தயத்தை வென்றார். நம்மவரையும் மறக்கலாகாது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் இண்டியானபோலிஸில் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். நீள்வட்டத்தின் சாய்வான வளைவு ஒன்றையும் சேர்த்து அமைத்த சாலைத் தளம் அது. அந்த ஒரு வளைவின் அழுத்தத்தை மிச்செலின் டயர்கள் தாங்காததால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. ஒரே ஒரு நீள்வட்ட வளைவு என்ன செய்யும் என்பதை உலகம் அன்று கண்டது. அதே நரேன் 2010-இல் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் பந்தயங்களுக்குச் சென்று, சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் கற்றுத்தராத நீள்வட்டத் தொழிலைத் தொடக்கத்திலிருந்து கற்றார்.

கிளார்க்கின் முடிவு பெருமைக்குரிய எந்தத் தளத்திலும் நிகழவில்லை. 1968 ஜனவரி 1 அன்று தென்னாப்பிரிக்காவில் 25-ஆவது வெற்றி பெற்று ஃபான்ஜியோவின் சாதனையைத் தாண்டியிருந்தார். ஏப்ரல் 7 அன்று ஜெர்மனியின் ஹோக்கன்ஹைமில், ஈரமான தளத்தில், ஃபார்முலா டூ வகைப் பந்தயம் ஒன்றில் அவர் கார் தடம் விலகி மரங்களில் மோதியது. பின் டயரில் காற்று இறங்கியதே காரணம் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். மரங்களுக்கு முன்னால் தடுப்பு எதுவும் இருக்கவில்லை. அவருக்கு வயது 32. இத்தகைய ஒருவரையே கை காக்கவில்லை என்றால் மற்றவர் கதி என்ன என்ற அச்சம் சக ஓட்டுநர்களைப் பற்றியது. தடுப்பு வேலிகளுக்கான குரல் அதன்பின் வலுத்தது. சர்ன்சைட்டில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில், உலகச் சாம்பியன் என்பதற்கு முன்னதாக விவசாயி என்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

இனி, தேநீர்க் கடையிலிருந்து எழுந்து போன என் சகாவுக்கு வருகிறேன். ஆலைகளிலும் இரு வகைத் தளங்கள் உண்டு. டூல் ரூமில் பணிபுரிபவருக்கு ஒவ்வொரு நாளும் வேறு அச்சு, வேறு அளவு, வேறு சிக்கல். அது சாலைவகைத் தளம். அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு அதே போல்ட், அதே இறுக்கம், அதே நொடிக்கணக்கு. அது நீள்வட்டம். முன்னவரைத் திறனாளி என்கிறோம். பின்னவரை, யாரை வேண்டுமானாலும் நிறுத்தி நிரப்பிவிடக்கூடிய ஓர் இடம் என்கிறோம். ஒப்பந்த முறையும் ஊதியப் பட்டியலும் அந்த எண்ணத்தின் மேல்தான் எழுப்பப்படுகின்றன.

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. மேற்பார்வையாளனாக இருந்த காலத்தில், ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் திறன் என்ற கட்டத்தில் அந்தச் சகாவுக்கு ஆண்டுதோறும் குறைந்த மதிப்பெண்ணே இட்டேன். வேலையில் புதுமை இல்லை என்பது என் நியாயம். ஒரு முறை அவர் மூன்று வாரம் விடுப்பில் போனார். அந்த இடத்தில் மாற்றி மாற்றி ஆள் நிறுத்தினோம். திரும்பி வரும் பழுதுகள் கூடிக்கொண்டே போயின. துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் ஒலியிலேயே உணர்ந்து, கையைச் சற்றே சாய்த்துச் சரிசெய்து வந்திருக்கிறார் அவர். அது எந்தப் படிவத்திலும் இல்லை, நானும் கேட்டறிந்ததில்லை. விடுப்பு முடிந்து வந்ததும் பழுதுகள் நின்றன. அவருடைய மதிப்பெண்ணை நான் அப்போதும் மாற்றவில்லை. மாற்றினால் அதுவரை இட்டதெல்லாம் தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சினேன்.

எந்தத் தளத்தில் ஓட்டுபவருக்குத் திறமை அதிகம் என்ற கேள்விக்குக் கிளார்க்கின் வாழ்க்கை தரும் விடை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. உலகச் சாம்பியன் ஆகப்போகும் ஆண்டில் அவர் நீள்வட்டத்தின் வாயிலில் புதுமுகமாக நின்றார். இடப்பக்கம் திரும்புவதுதானே என்று அதைத் தாழ்வாக எண்ணியிருந்தால் அந்தச் சுவர் அவரைத் தண்டித்திருக்கும். ஒரே செயலை மீண்டும் மீண்டும் பிழையின்றிச் செய்வது தனியொரு கலை என்பதை, ஒவ்வோர் ஆண்டும் அதே நிலத்தை உழுத குடும்பத்தில் பிறந்தவர் இயல்பாகவே அறிந்திருப்பார்.

இன்று எங்கள் சூளகிரியிலும் பர்கூரிலும் புதிய ஆலைகள் எழுகின்றன. ராகியும் தக்காளியும் ரோஜாவும் விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த லைன்களில் நிற்கப் போகிறார்கள். அவர்களுடைய வேலையைத் திறன் குறைந்தது என்று பட்டியலிடும் முன், பட்டியல் எழுதுபவர்கள் ஒரு நாள் முழுதும் அவர்கள் அருகில் நின்று அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும். நான் அதைச் செய்யத் தவறினேன். அடுத்த முறை என் சகாவைத் தேநீர்க் கடையில் காணும்போது, அந்தப் படிவத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவிடுவதென்று இருக்கிறேன்.